அட்லாண்டாவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். இங்கே குளிர் விட்டுவிட்டது. பைன் மரங்கள் பூத்து, வாசலில் நிற்கிற கார் எல்லாம் மஞ்சள் பொடி தூவின மாதிரி கிடக்கிறது. எனக்கு ஒரே தும்மல்.

போன ஞாயிறும் அப்பத்தா போனில், "அமெரிக்கா போயி குரங்கு மேய்க்கிறியாத்தா?" என்று கேட்டது. அதற்கு முந்தின ஞாயிறும் கேட்டது. பதிலைக் கடிதமாகவே எழுதுகிறேன், படித்துக் காட்டு. மேய்க்கவில்லை. குரங்கு எங்கே பார்க்கிறது என்று நான் பார்க்கிறேன், அதுதான் வேலை.

அழகர்கோவிலில் உன் கையிலிருந்து தேங்காய் மூடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதே, அந்த ஜாதி இல்லை இது. வடநாட்டு ரீசஸ் குரங்கு. வால் குட்டை, உச்சியில் வகிடு கிடையாது. ஒரு காலத்தில் நம் நாட்டிலிருந்துதான் ஆயிரக்கணக்கில் இங்கே ஏற்றி அனுப்பினார்கள். 1978இல் இந்தியா அதை நிறுத்திவிட்டது. இவை இங்கேயே பிறந்தவை, ஆனாலும் தாளில் 'இந்திய வம்சாவளி' என்றுதான் இருக்கும். விசா தொல்லை மட்டும் எனக்கு.

ஆய்வுக்கூடத்துக்குள் போக எனக்குக் கையில் ஊசி குத்திக் காசநோய்ப் பரிசோதனை வைத்தார்கள். நம்மிடமிருந்து குரங்குக்கு ஒட்டிவிடக் கூடாதாம். சின்ன வயதில் போட்ட பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியால் குத்தின இடம் வீங்கிவிட்டது. அப்புறம் எக்ஸ்ரே எடுத்துத்தான் விட்டார்கள்.

மங்கலான சின்ன அறை. நாற்காலியில் குரங்கு, எதிரே திரை, கீழே கருவிழியைத் தொடரும் அகச்சிவப்புக் கேமரா. முதலில் திரையில் ஒரு புள்ளி வரும். அதைப் பார்த்தால் குழாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு. அதை வைத்துக் கம்ப்யூட்டர் கண்ணின் கணக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு படங்கள்: சந்தை, நாய், பாலம். இதற்குச் சாறு கிடையாது, இஷ்டமிருந்தால் பார்க்கலாம். புதுப் படம் என்றால் கண் மூலைக்கு மூலை பறக்கும். அதே படம் மறுபடி வந்தால் ரெண்டு பார்வைதான், கண் சுவருக்குப் போய்விடும். 'இதைத்தான் பார்த்தாச்சே' என்று அது சொல்கிற விதம் அது. 1964இல் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்பவர் கைக்குழந்தைகளிடமும் இதையே கண்டார்.

மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஓர் இடம், ஞாபகத்துக்கு வேண்டியது. அது கெட்டுப்போன குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. ஒரு படத்தைக் காட்டி, ஒரு நொடி கழித்து அதையும் புதுப் படம் ஒன்றையும் சேர்த்துக் காட்டினால் அவையும் புதுப் படத்தையே தேடின. பத்து நொடி, பத்து நிமிடம் என்று இடைவெளி நீண்டதும் அந்த நாட்டம் குறைந்துபோனது. தானாகக் கெடவில்லை அம்மா, வேண்டுமென்றே கெடுத்தார்கள். நீ கேட்பாய் என்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன். நான் செய்வது அந்த வேலை இல்லை, ஆனாலும் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதே சோதனையை, ஞாபகம் தடுமாறத் தொடங்கிய பெரியவர்களுக்கும் இங்கே வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

சரி, ஒரு காரியம் செய். சின்ன அத்தை கல்யாண ஆல்பத்தை அப்பத்தா மடியில் வை. அரை மணி கழித்து மறுபடி வை. 'இது யாரு, அது யாரு' என்று கேட்காதே, பாவம், கூச்சப்படும். எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எதைச் சட்டென்று புரட்டுகிறது என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து எழுது.

அன்புடன்,
உன் மகள்