பெருக்கிக் கூட்டும் சிப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உருவாகி, 2024 செப்டம்பரில் 'நேச்சர்' ஆய்விதழில் வெளியான மூலக்கூறு மெமரிஸ்டர் என்ற மின்னணு உறுப்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'மூளையைப் போல் சிந்திக்கும் சிப்' என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. பல்லாண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில், இத்தொடர் அந்த ஆய்வின் அருமையை மறைத்துவிடுவதாகவே கருதுகிறேன்.

மூளையிடமிருந்து இத்துறையினர் முதன்மையாக எடுத்துக்கொண்டது ஒரு பண்பைத்தான். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் இணைப்பின் வலிமை அனுபவத்துக்கேற்ப மாறி, அங்கேயே நிலைத்தும் விடுவதால், நினைவுக்கு ஓர் இடம், கணக்குக்கு வேறோர் இடம் என்ற பிரிவினை அங்கில்லை. நம் கணினிகளிலோ செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு ஓயாமல் போய்வருகிறது. அந்த அலைச்சலே மின்சாரத்தைப் பெருமளவு தின்றுவிடுகிறது. மூளைக்குச் சுமார் 20 வாட் போதும்.

தன் வழியே முன்பு பாய்ந்த மின்னோட்டத்துக்கேற்பத் தடையை மாற்றிக்கொண்டு, அதை நினைவில் வைத்திருக்கும் உறுப்பே மெமரிஸ்டர். கலிபோர்னியாவின் பெர்க்லியில் மின்பொறியியல் அறிஞர் லியோன் சுவா 1971இல் ஏட்டளவில் முன்மொழிந்த இதற்கு, டைட்டானியம் டைஆக்சைடு படலத்தில் உருக்கொடுத்திருப்பதாக எச்பி கணினி நிறுவனத்தின் ஆய்வகம் அறிவித்தது 2008இல். மூன்றாண்டு ஆய்வு நிதியுதவிக்குள் முடிவைக் கேட்கும் நம்மவர்கள் இந்த 37 ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

பெங்களூருக் குழுவின் மூலக்கூறு படலத்தில் ஓர் உறுப்பு 0, 1 என்ற இரண்டோடு நில்லாமல் 16,520 நிலைகளை ஏற்கிறது. இவ்வுறுப்புகளை 64 வரிசை, 64 நிரல் கொண்ட கம்பிவலையின் சந்திப்புகளில் அமைத்து, வரிசைகளில் மின்னழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு சந்திப்பிலும் ஓம் விதிப்படி அந்த மின்னழுத்தமும் உறுப்பில் பதிந்துள்ள கடத்துதிறனும் பெருக்கப்பட்டு, விடை மின்னோட்டமாக வந்துவிடுகிறது. நிரலில் வந்து சேரும் மின்னோட்டங்கள் கிர்க்காஃப் விதிப்படி தாமாகவே கூடிக்கொள்கின்றன. செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களின் பெரும்பணி இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான் என்பதால், சாதாரணச் செயலி ஆயிரக்கணக்கான படிகளில் செய்வதை இவ்வலை ஒரே படியில் முடிக்கிறது. இதில் சிந்தனை எங்கே இருக்கிறது? பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் இரு விதிகள் இருக்கின்றன.

ஆகவே, இத்தகைய ஆய்வுகள் குறித்து எழுதும்போது, ஒளிரும் மூளையின் படத்துக்குப் பதிலாக, இரு வரிசை, இரு நிரல் கொண்ட சிறு வலையொன்றை எண்களோடு வரைந்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கு பெருக்கல், இரண்டு கூட்டல். மாணவர்கள் நாளிதழின் ஓரத்திலேயே போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சேலம்.