ஜன்னல் ஓரமும் ஐந்து ரூபாய் டிக்கெட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் சின்னக் குழந்தைகளை விடுமுறையில் எங்கே கூட்டிப் போகலாம் என்று சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஆவலோடு படித்தேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள். நான்கு வயதுப் பேத்தியும் இரண்டரை வயதுப் பேரனும் பகல் முழுக்க என்னோடும் என் மனைவியோடும்தான். அதனால் இந்த மாதிரிப் பக்கம் எங்களுக்கு ரொம்பத் தேவை.

ஆனால் நீங்கள் சொன்ன இடங்களில் பெரும்பாலானவை வணிக வளாகங்களுக்குள் இருக்கும் விளையாட்டுக் கூடங்கள். மணிக்கணக்கில் கட்டணம், கூட வரும் பெரியவருக்குத் தனிக் கட்டணம், அங்கே போட்டுக்கொள்ளச் சாக்ஸ் வேறு வாங்க வேண்டும். நாங்களும் ஒருமுறை போனோம். பிள்ளைகள் நன்றாகக் குதித்து ஆடினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாராவாரம் அப்படிப் போக எங்கள் வீட்டில் வசதியில்லை. பெரம்பூரில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இல்லை. அந்தப் பக்கத்தைப் படித்த ஒரு இளம் தாய், பணம் இருந்தால்தான் இந்த ஊரில் குழந்தைக்குச் சந்தோஷம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பதிலேயே பெரிய கொண்டாட்டம் ரயில். காலைக் கூட்டம் வடிந்ததும், பத்து மணிக்கு மேல் கிளம்புவோம். பெரம்பூரில் உள்ளூர் ரயில் ஏறி மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பார்க் டவுன் வரை மெதுவாக நடந்து, மேம்பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயிலைப் பிடிப்போம். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது. பெரியவர்களுக்கும் ஐந்து, பத்து ரூபாய்தான். ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் இரண்டும் வாய் மூடாது. சிந்தாதிரிப்பேட்டையில் கூவம், அப்புறம் சேப்பாக்கம் மைதானத்தின் முதுகுப்பக்கம், மயிலாப்பூர் மாடிகளில் காயும் துணிகள், கிரீன்வேஸ் சாலை தாண்டியதும் அடையாறு. ஆற்றைக் கடக்கும்போது பேரன் எழுந்து நின்று கைதட்டுவான். ஒவ்வொரு முறையும் தட்டுவான். பேத்தி நிலையங்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பாள். முண்டகக்கண்ணியம்மன் கோயில் வரும்போது மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வாள். சில நாள் வேளச்சேரி வரை போய், நடைமேடையில் உட்கார்ந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பியிருக்கிறோம். வேறு எங்குமே போகவில்லை. அந்த வயதில் போகிற வழியே போதும் என்பதை இவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இறங்கினால் கோட்டூர்புரத்தில் இறங்குவோம். 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே ஒரு பெரிய பகுதி இருக்கிறது, நடுவில் செயற்கை மரம் ஒன்றோடு. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் படம் பார்த்துப் பக்கம் புரட்டலாம், யாரும் விரட்டுவதில்லை. வெளியே வெயில் கொளுத்தும் மே மாதத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே பிர்லா கோளரங்கம். அது ஐந்து வயதுக்கு மேல் சரிப்படும். காட்சிக்காக உள்ளே விளக்கை அணைத்ததும் பேரன் அழ ஆரம்பித்துவிட்டான், பாதியில் தூக்கிக்கொண்டு வந்தோம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஐம்பொன் சிலைகளைப் பார்க்க இவர்களுக்குப் பொறுமை கிடையாது. திமிங்கல எலும்புக்கூடும், குழந்தைகள் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கும் டைனோசர்களும்தான் இழுக்கும். 1855இல் இந்த வளாகத்தில்தான் சென்னையின் முதல் மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார்கள், பிறகு அது சென்ட்ரல் பக்கம் போய், 1985இல் வண்டலூருக்குப் போனது என்று பேத்தியிடம் சொன்னேன். "அப்போ புலி எங்க தாத்தா தூங்குச்சு?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு மரத்தடியாகக் காட்டி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஐ.சி.எஃப். என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களைப் பார்த்துவிட்டு பொம்மை ரயிலில் ஒரு சுற்று வந்தால் அன்றைய சாயங்காலம் நிறைந்துவிடும்.

ஆக, இடத்துக்குப் பஞ்சமில்லை. எங்களை வீட்டிலேயே உட்கார வைப்பது வேறு சில சின்ன விஷயங்கள். அதைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

முதலில் கழிப்பறை. சின்னப் பிள்ளை "வருது" என்று சொன்னால் இரண்டு நிமிடம்தான் அவகாசம். ஒரு பொது இடத்தில், பெயர் வேண்டாம், கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போய்விட்டார் என்றார்கள். பேத்தி உடை நனைந்து, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று என் வேட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான்கு வயதுக்கும் மானம் உண்டு. அதற்கப்புறம் பத்து நாள் வெளியே கூப்பிட்டால் வரமாட்டேன் என்றுவிட்டாள். பாலூட்டும் தாய்மார்களின் சங்கடம் இன்னும் பெரிது. என் மருமகள் முன்பு மரத்துக்குப் பின்னால் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு மறைப்பு, ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி போதும்.

அடுத்தது மின்தூக்கி. பறக்கும் ரயில் நிலையங்கள் உயரத்தில் இருக்கின்றன. ஒரு நிலையத்தில் மின்தூக்கி நின்றுபோயிருந்ததால், முழங்கால் வலியோடு என் மனைவி பேரனைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறினாள்.

மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகக் கடல் அருகே வரை மரப்பாதை போட்டார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பையன் சக்கர நாற்காலியில் அதன் வழியாகப் போய் முதல்முறை அலையைப் பக்கத்தில் பார்த்தான். அவன் அம்மா திரும்பி வந்து சொல்லும்போது பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். குழந்தை வண்டி தள்ளி வருபவர்களுக்கும் அந்தப் பாதை உதவுகிறது. நினைத்தால் செய்ய முடிகிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்று நீங்களே செய்யக்கூடியது. எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, வண்டலூருக்கும் கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய், கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். இது தெரியாமல் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்றிருக்கிறோம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஊஞ்சல் தெரிகிறது, பேரன் கையை நீட்டுகிறான். என்ன சொல்லிக் கூட்டி வருவது? விடுமுறைக் கிழமையோடு, குழந்தைக்கு ஏற்ற கழிப்பறை இருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா என்பதையும் உங்கள் செய்தியாளர் நேரில் போய்ப் பார்த்து எழுதினால், வெட்டி எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வேன்.

வருகிற வியாழன் பறக்கும் ரயிலில் மறுபடி போகிறோம். இந்த முறை பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இருவரும் வருகிறார்கள். ஜன்னல் ஓரம் யாருக்கு என்று இப்போதே பேச்சு நடக்கிறது.

அன்புடன்,
ஒரு தாத்தா,
பெரம்பூர், சென்னை–11