இன்னும் முடிவு சொல்லாத ஆளுநர்களுக்கு

மதிப்பிற்குரிய மாநில ஆளுநர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்க் குடும்பத்தார், பல மாநிலங்களில் இருப்பவர்கள். பள்ளி உதவித்தொகைக்குப் பணம் கொடுப்பவருக்கு ஃபெடரல் அரசு தரும் புதிய வரிச் சலுகையைப் பற்றி, "அந்த 1,700 டாலர் திட்டத்தில் நம்ம மாநிலம் சேருதா, இல்லையா?" என்று கேட்கிறார்கள். பதில் உங்களிடம்தான் இருக்கிறது. கூடவே, "நேரா நம்ம ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கே கொடுத்துட்டா கழிச்சுக்கலாமா?" என்றும் கேட்பார்கள். முடியாது என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டத்தில் இருக்கிறது இந்தத் திட்டம். 2027 முதல், பள்ளி உதவித்தொகை வழங்கும் அமைப்பு ஒன்றுக்குப் பணம் கொடுப்பவர் 1,700 டாலர் வரை தன் ஃபெடரல் வரியிலிருந்து அப்படியே கழித்துக்கொள்ளலாம். தன் மாநிலத்தில் எந்த அமைப்புகளுக்குக் கொடுத்தால் செல்லும் என்ற பட்டியலை ஆண்டுதோறும் மாநிலம் ஃபெடரல் அரசுக்கு அனுப்ப வேண்டும்; திட்டத்தில் சேருவது என்பது அதுதான். அனுப்பாத மாநிலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காசும் வராது.

இதை நன்கொடை என்று எழுதவே எனக்குக் கை வரவில்லை. 22 விழுக்காடு வரி கட்டுபவர் உணவு வங்கிக்கு 1,700 டாலர் கொடுத்தால் அவருக்கு வரியில் மிச்சமாவது அதிகபட்சம் 374 டாலர். மீதி அவர் கைக்காசு. உதவித்தொகை அமைப்புக்குக் கொடுத்தாலோ 1,700-ம் திரும்பி வந்துவிடுகிறது. ஆக, போவது அரசாங்கத்துப் பணம். அது எங்கே போக வேண்டும் என்று வரி கட்டுபவர் கைகாட்டுகிறார், அவ்வளவுதான். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்குக் கைகாட்டும் வாய்ப்பும் கிடையாது. நாடு முழுவதற்கும் மொத்தம் இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் சட்டத்தில் இல்லை.

அப்படியானால் சேராதீர்கள் என்று சொல்லப் போகிறேனா? இல்லை. சேருங்கள் என்றுதான் சொல்கிறேன், அரைமனதோடு. உங்கள் மாநிலத்துக்காரர் வேறு மாநிலத்து அமைப்புக்குக் கொடுத்தும் இந்தச் சலுகையைப் பெறலாம். நீங்கள் மறுத்தால் அவர் பணம், சேர்ந்துவிட்ட நெப்ராஸ்காவுக்கோ டென்னசிக்கோ போய், அங்கிருக்கும் பிள்ளைக்கு மட்டும் உதவும். ஃபெடரல் கஜானாவில் விழும் ஓட்டை உங்கள் மறுப்பால் அடைபடாது.

ஆனால் சேரும் விதம் முக்கியம். நெப்ராஸ்காவில் தனியார் பள்ளி உதவித்தொகைச் சட்டத்தை 2024 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு ரத்து செய்தார்கள். மறு ஆண்டே ஆளுநர் ஜிம் பில்லன் இந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார். கொலராடோ மக்கள் அதே தேர்தலில், பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மாநில அரசமைப்பில் சேர்க்க மறுத்தார்கள். அங்கேயும் ஜனநாயகக் கட்சி ஆளுநர் ஜாரெட் போலிஸ் சேரப் போவதாகச் சொன்னார். இருவருக்கும் அவரவர் நியாயம் இருக்கலாம். இருந்தாலும், உங்கள் சட்டமன்றத்தில் ஒரு நாளாவது இதைப் பேசவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

என் உண்மையான கவலை, பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதுதான். ஏழைப் பிள்ளைக்கான திட்டம் என்று பேசுகிறார்கள். உதவி பெறும் குடும்பத்துக்குச் சட்டம் வைத்த வருமான வரம்போ அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தைப் போல மூன்று மடங்கு. சிலிக்கான் வேலிப் பக்கம் அது ஆண்டுக்கு 5 லட்சம் டாலரைத் தாண்டும். என்னிடம் வருபவர்களில் அந்த வரம்புக்கு மேல் போகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது போக, போன ஆண்டு உதவி பெற்ற பிள்ளைக்கு முதலிடம், அடுத்து அதன் உடன்பிறந்தவர்களுக்கு. அதாவது முதல் ஆண்டில் யார் உள்ளே நுழைகிறார்களோ அவர்கள் குடும்பத்துக்குத்தான் வரிசையின் முன்னிடம். புதிதாக வரும் ஏழைப் பிள்ளை கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

முதல் ஆண்டில் யார் நுழைவார்கள்? அரிசோனாவில் இப்படிப்பட்ட மாநில வரிச் சலுகை 1997-லேயே வந்துவிட்டது, ஃபுளோரிடாவில் 2001-ல். அங்கெல்லாம் ஊறிப்போன அமைப்புகள் 2027 ஜனவரி 1 அன்று காலையிலேயே கடை திறந்துவிடும். வருவாயில் 10 விழுக்காடு வரை நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவர்களுக்கு அவசரமும் இருக்கும். ஒரு லட்சம் பேர் முழுத் தொகையைக் கொடுத்தால் 17 கோடி டாலர். அதில் பத்தில் ஒரு பங்கு 1.7 கோடி.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இந்தப் பணத்தைப் பெறலாம் என்பதைப் பலரும் கவனிக்கவில்லை. டியூஷன், புத்தகம், கணினி, சீருடை, பேருந்துச் செலவு, பள்ளி முடிந்த பிறகான வகுப்பு, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கான உதவி எல்லாமே செல்லும். கடைசியாகச் சொன்னது முக்கியம்: பெற்றோர் தாமாகவே தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஃபெடரல் சட்டம் அந்தப் பிள்ளைக்குத் தந்த சிறப்புக் கல்வி உரிமைகள் பெரும்பாலும் போய்விடும். அரசுப் பள்ளியிலேயே இருந்தபடி கூடுதல் பயிற்சிக்குப் பணம் கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நிம்மதி!

ஆனால் அதற்கென்று ஓர் அமைப்பு வேண்டும். பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். ஒரே பள்ளியைச் சேராத பத்துப் பிள்ளைகளுக்காவது கொடுக்க வேண்டும். குடும்ப வருமானத்தைச் சரிபார்க்க வேண்டும். ஒரு சிறிய பள்ளி மாவட்டத்தில் இதையெல்லாம் யார் செய்வார்கள்? மாநிலம்தான் வழக்கறிஞரையும் கணக்கரையும் அனுப்பி, தொடக்கச் செலவுக்குக் கொஞ்சம் பணமும் தர வேண்டும். இதற்கு உங்களுக்கு வாஷிங்டனின் அனுமதி தேவையில்லை.

பட்டியலை அனுப்புவதற்கு முன் மாநில இணையதளத்தில் போடுங்கள். எந்த அமைப்பு, எந்தப் பள்ளிகளோடு தொடர்புடையது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்குமா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஆண்டு முடிந்ததும், உதவி பெற்றவர்களில் ஏற்கெனவே தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர் என்று அமைப்புகளிடம் கேட்டு வெளியிடுங்கள். எண்ணிக்கை சரியில்லை என்றால், அடுத்த ஆண்டுப் பட்டியலை அனுப்புவதா வேண்டாமா என்பதும் உங்கள் முடிவுதான்.

இப்படிக்கு,
ஒரு வரிக் கணக்கர்