முதலில் எண்ணைப் பார்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். சர்வரிலிருந்து லேப்டாப்பில் மவுன்ட் செய்த (இணைத்த) ஃபோல்டரில் எழுத முடியாமல், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போட்டுச் சமாளித்தேன் என்கிறாயே, பூட்டு திறக்கவில்லை என்று கதவையே கழற்றி வைத்ததுபோல இருக்கிறது!

நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் என்எஃப்எஸ்ஸுக்கு உன் பெயர் தேவையில்லை, உன் கணக்கின் எண்தான் வேண்டும். லேப்டாப்பில் நீ 1000, சர்வரில் 1001 என்றால், பெயர் ஒன்றாக இருந்தாலும் சர்வருக்கு நீ வேற்றாள்தான். இரண்டு பக்கமும் உன் எண்ணைக் காட்டும் 'ஐடி' கட்டளையை அடி. பிறகு கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' உடன் மைனஸ் எல்என் சேர்த்துப் பார். மூன்றாவது, நான்காவது நெடுவரிசையில் உரிமையாளர் எண்ணும் குழு எண்ணும் நிற்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4-இல் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவே என்று ஏமாறாதே. கெர்பரோஸ் என்னும் அடையாளச் சரிபார்ப்பு இல்லாதவரை அனுமதியைச் சோதிப்பது எண்ணை வைத்துத்தான்.

லேப்டாப்பில் 1001 வேறு யாருக்கும் இல்லையென்றால், உன் கணக்கிலிருந்து வெளியேறி, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) நுழைந்து, கணக்கின் எண்ணை மாற்றும் 'யூசர்மாட்' மைனஸ் யு 1001 கொடு. ஹோம் ஃபோல்டரில் உள்ளவை தானாக மாறும். வெளியே கிடப்பவை பழைய 1000-லேயே நிற்கும். அவற்றை 'ஃபைண்ட்' கொண்டு தேடிப் பிடித்து 'சோன்' கட்டளையால் உரிமையாளரை மாற்ற வேண்டும். 'ஃபைண்ட்' உடன் மைனஸ் எக்ஸ்டெவ் போட மறந்தால் மவுன்ட்டுக்குள்ளும் போய்த் துழாவும். குழு எண் வேறுபட்டால் அதற்கு 'குரூப்மாட்'.

ரூட் அதிகாரத்தில் இயக்கும் சூடோ போட்டும் மறுக்கிறது என்றாயே, அது ரூட் ஸ்குவாஷ். வெளியிலிருந்து வரும் ரூட்டை சர்வர் 65534, அதாவது 'நோபடி' ஆக்கிவிடும். அதை அணைக்காதே, உரிமையாளரை மாற்றுவதைச் சர்வரிலேயே செய்.

777-ஐ எடுக்கும்போது, அனுமதியை மாற்றும் 'சிமோட்' கட்டளையில் மைனஸ் பெரிய ஆர் போட்டு உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் சாதாரணக் கோப்புகளுக்கும் எக்ஸிக்யூட் (இயக்கும்) அனுமதி ஒட்டிக்கொள்ளும். ஃபோல்டர்களுக்கு 2775, கோப்புகளுக்கு 664 எனத் தனித்தனியாகக் கொடு. அந்த முன்னால் நிற்கும் 2 இருந்தால்தான் புதுக் கோப்பும் அதே குழுவில் பிறக்கும். புதுக் கோப்பில் எந்த அனுமதியைக் கழிப்பது என்று சொல்லும் யூமாஸ்க் 002 இல்லாவிட்டால் குழுவிலுள்ள மற்றவர்கள் அதில் எழுத முடியாது.

விண்டோஸ் ஷேர் என்றால் கதையே வேறு. அங்கே பொதுவாக 'சிமோட்' அடித்தாலும் நிற்காது. மவுன்ட் விவரங்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியிலேயே யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), ஃபைல் மோட் 0664, டைர் மோட் (ஃபோல்டருக்கானது) 0775 கொடுத்துவிடு. அதற்குப் பிறகும் மறுத்தால் லாகின் செய்த கணக்குக்குச் சர்வரில் எழுதும் உரிமை இருக்கிறதா என்று பார்.

இன்னும் சரியாகவில்லையென்றால் இரண்டு பக்கத்து 'எல்எஸ்' வரிகளையும் அப்படியே அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்