மலை காயும்வரை பொறு, வாசுகி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
ஏப்ரல் 22

அன்பின் வாசுகி,

நலம். உன் நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். வருடப்பிறப்புக்கு நீ அனுப்பிய படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். உன் மகள் உன்னையும் மிஞ்சி வளர்ந்துவிட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இங்கே வெக்கை தாங்க முடியவில்லை. பகலெல்லாம் புழுங்குகிறது, பின்னேரம் இடியோடு மழை கொட்டிக் காலி வீதியில் தண்ணீர் நிற்கிறது, அது வடிவதற்குள் மறுபடியும் வெக்கை.

மே மாத விக்டோரியா நாள் விடுமுறையில் மகளோடு எல்லை தாண்டி, நியூயோர்க் மாநிலத்து அடிரொண்டாக் மலைத்தொடரிலுள்ள மார்சி மலை ஏறப்போவதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. போகாதே, வாசுகி. மொன்றியலில் இருந்த காலத்தில் அடிரொண்டாக் காடுகளில் நிறைய நடந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த நாட்களில் மொன்றியலில் மரங்கள் துளிர்த்திருக்கும், பிள்ளைகள் அரைக்கைச் சட்டையோடு திரிவார்கள். மலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதே. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை குளிர் கூடும். மார்சியின் உயரம் 1,629 மீற்றர். நம் நாட்டின் உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர் என்று படித்து வளர்ந்த நமக்கு அது சிறு குன்றாகத் தோன்றலாம். ஆனால் அத்தனை வடக்கே, அந்த உச்சியில் மரம்கூட வளர்வதில்லை. மே மாதத்திலும் உச்சிக்குக் கீழேயுள்ள ஊசியிலைக் காட்டின் நிழலில் பழைய பனி கிடக்கும்.

அந்தப் பனியும் நீ ஜனவரியில் பார்க்கும் பனியல்ல. குளிர்காலம் முழுவதும் நடந்தவர்களின் காலடியில் இறுகியது என்பதால் பாதையின் நடுவில் மட்டும் ஒரு ஒடுங்கிய பனிவரப்பு கடைசிவரை உருகாமல் நிற்கும். காலையில் அது கண்ணாடியாக வழுக்கும். வெயில் ஏறியதும் இளகும். ஒரு அடி பக்கவாட்டில் வைத்தால் கால் தொடைவரை புதையும், உள்ளே பாறையோ கிளையோ இருந்தால் முழங்கால் திருகும். நீ விட்டுப்போன குழி இரவில் உறைந்து, மறுநாள் வருகிறவரின் காலுக்குப் பொறியாகிவிடும். பனி 20 சென்ரிமீற்றருக்கு மேல் கிடந்தால் பனிநடைச் சப்பாத்தோ பனிச்சறுக்குப் பலகையோ இல்லாமல் அங்கே நடக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது.

ஓடைகளை எண்ணித்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். இரவில் உருகுதல் தணிவதால் விடியற்காலையில் நீர் குறைந்திருக்கும், கல்லுக்குக் கல் தாவி அக்கரை போய்விடலாம். பகல் வெயிலில் உருகிய நீரெல்லாம் பின்னேரத்தில்தான் வந்து சேரும். உச்சிக்குப் போய்க் களைத்துத் திரும்பும்போது அதே ஓடை முழங்கால் உயரத்தில் இழுத்துக்கொண்டு ஓடும், நீரோ பனிக்கட்டிக் குளிர். பனியின் மேல் மழையும் பெய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஓடையை மூடிக்கிடக்கும் பனியையும் நம்பாதே. நீர் அதை அடியிலிருந்து அரித்திருக்கும்.

இத்தனையையும் சமாளிக்கும் உடல் வலுவும் பொறுமையும் உனக்கு உண்டென்று எனக்குத் தெரியும். ஆனால் பாதையால் உன்னைச் சமாளிக்க முடியாது. அங்கே பாறைமேல் படிந்திருக்கும் மண் மெல்லியது. மேல்மண் இளகிய பிறகும் அடிமண் உறைந்தே கிடக்கும், அதனால் உருகிய நீர் அடைத்த தொட்டியில் விட்டதுபோல மேலேயே தேங்கிச் சகதியாகும். நடக்கிறவர்கள் சப்பாத்தைக் காப்பாற்ற ஓரமாக ஒதுங்குவார்கள். ஓரத்துப் பாசியும் நாற்றுகளும் மிதிபட்டு அழிந்து அங்கேயும் சகதியாக, அடுத்தவர் இன்னும் ஒரு அடி தள்ளிப் போவார். ஒருவர் நடக்கும் அகலத்தில் இருந்த பாதை வண்டிப்பாதையாக அகன்று, வேர்கள் வெளியே தெரிய நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மனம் வெந்துபோயிற்று. அப்படி அழிந்தது திரும்பி வளரக் கனகாலம் ஆகும்.

அதனால்தான் நியூயோர்க் மாநிலச் சூழல் பாதுகாப்புத் திணைக்களம் வசந்தத்தில் 2,500 அடிக்கு, அதாவது 762 மீற்றருக்கு மேற்பட்ட பாதைகளைத் தவிர்க்கும்படி கேட்கிறது. மார்சிக்கு ஏறத்தொடங்கும் இடமே 660 மீற்றருக்கு மேல் என்றால் கணக்கை நீயே போட்டுப் பார். பக்கத்து மாநிலமான வெர்மொன்டிலும் இதே கதைதான். அங்குள்ள 438 கிலோமீற்றர் நீள நெடும்பாதையை வெட்டியதும் இன்றுவரை பேணுவதும் 1910இல் தொடங்கிய பச்சை மலைச் சங்கம். பனி உருகத் தொடங்கியதிலிருந்து மே கடைசியில் வரும் நினைவு நாள் வாரஇறுதி வரை உயரப் பாதைகளுக்கு வரவேண்டாம் என்று அவர்களும் கேட்கிறார்கள். மண்வெட்டி பிடித்துப் பாதையைச் செப்பனிடுகிறவர்களின் சொல்லுக்கு மேல் நமக்கு வேறென்ன வேண்டும்?

காத்திருந்து மலையேறுவது நமக்குப் புதிதா? சிவனொளிபாதமலைக்கு டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் பௌர்ணமி வரைதான் பருவம். அதன் பிறகு தென்மேல் பருவமழை தொடங்கிவிடும், விளக்குகளும் இருக்காது, தேநீர்க் கடைகளும் இருக்காது. மாசியில் மருமகனோடு நல்லதண்ணி வழியாக ஏறினேன். கைக்குழந்தையோடும் தடி ஊன்றியும் சனம் ஏறிக்கொண்டே இருந்தது. அத்தனை பேரையும் தாங்குவது கற்படி. மார்சியில் நீ மிதிக்கப்போவது வெறும் மண்.

விடுமுறையை வீணாக்கச் சொல்லவில்லை. சரணாக் லேக் ஊரோரம் பேக்கர் மலை இருக்கிறது. உயரம் 747 மீற்றர், மேலே போனால் ஏரிகளும் உயர்ந்த சிகரங்களும் கண்ணுக்கு எட்டும். அங்கேயும் சகதி இருந்தால் ஒதுங்காமல் நடுவிலேயே மிதித்துப் போங்கள். அது முடியாத அளவுக்கு ஆழமென்றால் திரும்பிவிடுங்கள். பருத்தி உடுப்பு வேண்டாம், நனைந்தால் காயாது, சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி உடுத்தி, மாற்றுக் காலுறையும் எடுத்துக்கொள். கறுப்பு ஈக்களும் அந்த நேரத்தில்தான் கிளம்பும், அவற்றோடு ஒப்பிட்டால் நம் மலைநாட்டு அட்டை சாது.

மார்சிக்கு செப்டெம்பரில் போங்கள். மண் காய்ந்திருக்கும், ஈ இருக்காது, இலைகளும் நிறம் மாறத் தொடங்கியிருக்கும். அதற்குள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அக்கா வந்துவிட்டால் நானும் வரப் பார்க்கிறேன். திகதியை முன்கூட்டியே எழுது, விமான டிக்கெட் விலை தெரியும்தானே. அம்மா போட்ட மோர்மிளகாயை ஜூனில் அங்கே வரும் அண்ணாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அன்புடன்,
சிவகாமி