அட்டைக் காசோலையை எந்த வங்கியில் மாற்றுவது?

மட்டக்களப்பில் இளம்பெண்களுக்கான அழகுராணிப் போட்டியை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுப் போட்டிக்கான சுவரொட்டியைக் கல்லடிப் பாலத்தடியில் பார்த்தேன். வெற்றிபெறுவோருக்குப் புலமைப்பரிசில், வருமானம் நோயுற்ற சிறுவர்களுக்கு என்று போட்டிருக்கிறீர்கள். போன ஆண்டும் இதே வாசகம்தான். அதை நம்பித்தான் என் தங்கையின் மகள் விண்ணப்பித்தாள்.

பெண்பிள்ளைகள் மேடையேறுவதற்கு நான் எதிரியல்ல; முப்பது வருடம் பாடசாலையில் நாடகம் பழக்கியவள். என் கோபமெல்லாம் கணக்கைப் பற்றியது.

அவளுக்கு இரண்டாம் இடம். மேடையில் ஓர் அட்டைக் காசோலை கொடுத்தீர்கள். அது ஆட்டோவுக்குள் நுழையவில்லை. தம்பிக்காரன் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தான். இன்று அது எங்கள் வீட்டு விறாந்தையில், தையல் மெஷினில் சாரல் படாமல் மறைத்து நிற்கிறது. உண்மையான பணம் பத்து மாதமாகியும் வரவில்லை. சேலை வாடகையும் ஒப்பனைக் கூலியும் மட்டும் அன்றே போய்விட்டன.

அதைக்கூட விடுங்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளையின் கையில் பத்து டிக்கெட் புத்தகங்களைக் கொடுத்துச் சந்தைக்கு அனுப்பினீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மீன் விற்கிற ஒருவர், "வருத்தக்காரப் பிள்ளைகளுக்கு என்றால் தாங்க மகள்" என்று ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு இரண்டு டிக்கெட் வாங்கினார். பிறகொரு நாள், எந்தப் பிள்ளைக்கு உதவினீர்கள் என்று சாதாரணமாகத்தான் கேட்டிருக்கிறார். அவளுக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அந்தப் பக்கமே போகமாட்டாள்.

இந்த ஏற்பாடு உலகுக்குப் புதிதல்ல. 1921 இல் அட்லாண்டிக் சிட்டியில் தொடங்கிய மிஸ் அமெரிக்கா போட்டி, 1945 இல் புலமைப்பரிசிலைச் சேர்த்துக்கொண்டது. அந்த ஆண்டு கிரீடம் சூடிய பெஸ் மையர்சனுக்கு 5,000 டொலர். பின்னாளில் போட்டியாளர்கள் சிறுவர் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டினார்கள். அங்கேயும் வாய்ப்பந்தல் இருந்தது. ஆண்டுக்கு 4 கோடி 50 இலட்சம் டொலர் புலமைப்பரிசில் கிடைக்கச் செய்கிறோம் என்று அந்தப் போட்டியின் ஏற்பாட்டாளர்கள் பெருமை பேசியபோது, 2014 இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அவர்களின் வரிப் பத்திரங்களைத் தோண்டி எடுத்தது. தருவதாகக் கல்லூரிகள் சொல்லி, எவரும் பெற்றுக்கொள்ளாத தொகைகளும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தன. அங்கே தோண்டுவதற்குப் பத்திரமாவது இருந்தது. எனக்குக் காட்ட உங்களிடம் ஒரு தாள் உண்டா?

பரிசுத் தொகையை முதலில் வங்கியில் போட்டுவிட்டுச் சுவரொட்டி அடியுங்கள். தொகை சிறியதென்றால் சிறியதாகவே அச்சிடுங்கள், அதில் வெட்கமில்லை. இங்கிருந்து மகரகமவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகக் குழந்தையை இரவு பஸ்ஸில் கொண்டுபோகிற தாய்க்கு, போய்வரும் செலவை ஏற்றுக்கொண்டாலே பெரிய காரியம். கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை அடுத்த போட்டியின் வாசலில் ஒட்டுங்கள். டிக்கெட் விற்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். அனுசரணையாளர்களின் கடைகளிலேயே வைத்து விற்கலாம்.

அவள் விற்காமல் மிச்சம் வைத்த பதினொரு டிக்கெட்டுகள் என் மேசை லாச்சியில் கிடக்கின்றன. திருப்பித் தரலாம் என்று புரட்டிப் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இருக்கிறது. உங்கள் முகவரி இல்லை.

இப்படிக்கு,
அவளுடைய பெரியம்மா
கல்லடி