செயலாளர் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் திரைப்படச் சங்கத்தின் மாதாந்திரத் திரையிடல்கள் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு விதிப்படி கூடியது. நூலகத்துக்குச் சில நூல்கள் வந்தன.

இவ்வாண்டின் முக்கியப் பணி, 96ஆவது ஆஸ்கரில் சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்ட பத்துப் படங்களுக்கும் நாம் நடத்திய வரிசை வாக்கெடுப்பு: ஒவ்வொருவரும் படங்களைத் தம் விருப்பப்படி ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் முறை. கை தூக்கச் சொல்லி எண்ணினால் போதாதா என்று சிலர் கேட்டனர். போதாது. 2009ஆம் ஆண்டுப் படங்கள் தொடங்கி ஆஸ்கர் வழங்கும் அகாடமியே இந்தப் பிரிவுக்கு மட்டும் வரிசை முறையைத்தான் வைத்திருக்கிறது. சீட்டுகளை, அவற்றில் முதலிடம் பெற்ற படத்தின்படி அடுக்க வேண்டும். எந்த அடுக்கும் மொத்தச் சீட்டுகளில் பாதியைத் தாண்டாவிட்டால், மிகச் சிறிய அடுக்கைக் கலைத்து, ஒவ்வொரு சீட்டையும் அதில் அடுத்ததாக உள்ள படத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு படம் பாதியைத் தாண்டும்வரை இதே வேலைதான். ஒரே ஒரு படத்தை எழுதிக் கொடுத்தால், அது நீங்கியதும் சீட்டு செல்லாமல் போகும். அதே படத்தைப் பத்து இடத்திலும் எழுதினால் ஒரு வாக்குதான். இரண்டு வகைச் சீட்டுகளும் வந்தன.

ஆஸ்கர் விழா நடந்த டால்பி தியேட்டரைப் போலவே நம்மிடமும் 'ஓப்பன்ஹைமர்' வென்றது. பலர் அதை இரண்டு, மூன்றாம் இடங்களில் வைத்திருந்தனர். இந்த முறையில் அதுவே பெரிய பலம். பெருந்திரைக்கான ஐமேக்ஸ் படச்சுருளைக் கறுப்பு வெள்ளையில் கோடாக் நிறுவனம் முதன்முதலாக அதற்காகவே தயாரித்தது. அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் விருதுக்குரிய படம் 'தி ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பதே என் கருத்து. இதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் தளபதியின் வீடாக அமைத்த இடத்தில் பத்துக் கேமராக்கள் வரை மறைத்து வைத்து, படக்குழு வெளியே இருக்க எடுத்த படம். மதிலுக்கு அப்பால் நடக்கும் கொலைகள் ஒரு காட்சியிலும் இல்லை. எல்லாம் காதுக்கு மட்டுமே வருகின்றன: துப்பாக்கிச் சத்தம், அலறல், பிணங்களை எரிக்கும் உலையின் இடைவிடாத உறுமல். செல்போன் ஸ்பீக்கரில் அந்த உறுமல் கேட்கவே கேட்காது. அப்படிப் பார்த்தவர்கள்தான் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று பத்தாம் இடம் கொடுத்தார்கள். ஹெட்போனில் பார்த்தவர்கள் முதலிடம் கொடுத்தார்கள். இப்படி இரு முனையில் நிற்கும் படம் வரிசை வாக்கில் தோற்கும். ஒலிக்கான விருதாவது அதற்குக் கிடைத்தது.

'கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்' 206 நிமிடம். பாதியில் நிறுத்தியவர்களும் அதற்கு ஒன்பதாம் இடம் போட்டிருந்தார்கள். ஒரு கலந்துரையாடலுக்கும் வராத உறுப்பினர்கள் வாக்குச்சீட்டை மட்டும் பிறர் கையில் கொடுத்தனுப்பினார்கள். பார்க்காத படத்துக்கு வரிசை போடுவது அதை எடுத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தச் சீட்டுகளை நான் தள்ளியது சரியென்றே இன்றும் நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சிறு பற்றாக்குறை உண்டு, பெரும்பாலும் சந்தா பாக்கியால். தலைவர், பொருளாளர், கூடம் தந்தவர்கள், தேநீர் ஏற்பாடு செய்தோர் அனைவருக்கும் நன்றி.

நம் கூடத்து ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளைக் கொடுப்பதில்லை. ஒரு சப்வூஃபர் வாங்கியாக வேண்டும். அடுத்த பரிந்துரைப் பட்டியல் ஜனவரியில் வரும். பாக்கி வைத்திருப்போர் டிசம்பர் கூட்டத்துக்குள் செலுத்தினால் அதற்கு முன் வாங்கிவிடலாம். வாக்குச்சீட்டும் சந்தா ரசீதைப் பார்த்தே தரப்படும்.

செயலாளர்